சுவிட்ச் போர்டுக்குள் வைஃபை மாட்யூல் பொருத்திய பின் வரும் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

என் தாயார் இருக்கும் வீட்டில் கொல்லைப்புற விளக்கின் சுவிட்ச், கூடத்தையும் சமையலறையையும் தாண்டி, கிணற்றடிக்குப் போகும் கதவின் பக்கத்தில் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள ஒருவர் இரவில் அந்த இருட்டைக் கடந்து போய்த்தான் விளக்கைப் போட வேண்டும் என்ற நிலை எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் கட்டிலில் இருந்தபடியே இயக்கக்கூடிய வைஃபை மாட்யூல் ஒன்றை அந்தப் போர்டுக்குள் வைத்தேன். பொருத்தும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்தது. அதன்பின் தலைகாட்டிய கோளாறுகளைத் தீர்க்க மூன்று வார விடுமுறைகள் போயின. பிறகு உறவினர் வீடுகள் சிலவற்றிலும் இதே வேலையைச் செய்தபோது, அதே கோளாறுகள் ஏறக்குறைய அதே வரிசையில் திரும்ப வந்தன. அவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன்.

இங்கே பேசப்படுவது, சுவரில் இருக்கும் பழைய சுவிட்சை எடுக்காமல் அதன் பின்னால் பெட்டிக்குள் வைக்கும் சிறிய மாட்யூல். அதில் ஃபேஸ், அதாவது மின்சாரத்தைக் கொண்டு வரும் கம்பி, உள்ளே வர ஒரு முனை, மின்னோட்டம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரலுக்கு ஒரு முனை, விளக்குக்குப் போக ஒரு முனை, பழைய சுவிட்சின் இரு கம்பிகளையும் இணைக்க எஸ் 1, எஸ் 2 என்று இரு முனைகள் இருக்கும். இந்த மாட்யூல் வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் முதலில் வைஃபையைத்தான் சந்தேகிக்கிறார்கள். நான் பார்த்தவரை பாதிக்கு மேற்பட்ட கோளாறுகள் கம்பியில்தான் இருந்தன, அவற்றிலும் பெரும்பாலானவை நியூட்ரலில் இருந்தன. ஆகவே இந்த வழிமுறை நியூட்ரலிலிருந்து தொடங்கி வைஃபையில் முடிகிறது.

போர்டைத் திறக்கும் முன்

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் மெயின் சுவிட்சை மட்டும் இறக்கிவிட்டுப் போர்டைத் திறப்பது உயிருக்கு ஆபத்து. மெயினை இறக்கியதும் மின்சாரம் போய்விட்டதாக எடுத்துக்கொண்டு இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கும். விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் போகும் கம்பிகளில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். நாம் கைவைக்கப் போவதும் அந்த விளக்குக் கம்பிகளில்தான். எனவே மெயினை இறக்குவதுடன் இன்வெர்ட்டரையும் அதன் பொத்தானில் அணைத்து, அதன் வெளியீட்டுக்குத் தனி எம்.சி.பி. (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழும் சுவிட்ச்) இருந்தால் அதையும் இறக்க வேண்டும். பிறகு டெஸ்டரால் மட்டும் பார்க்காமல், மல்டிமீட்டரை வைத்து ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலும், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளந்து பார்க்க வேண்டும். டெஸ்டரில் உள்ள நியான் எரியாததற்கு மின்சாரம் இல்லாதது மட்டுமே காரணம் அல்ல. செருப்பணிந்து உலர்ந்த மரப்பலகையில் நிற்பவர் கையிலும் அது மங்கலாகவே எரியும்.

மின்சாரம் இருக்கும் நிலையில் அளக்க வேண்டிய சோதனைகள் சில கீழே வருகின்றன. மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் அவற்றைத் தாமே செய்ய வேண்டாம்; உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை வைத்துச் செய்யுங்கள். அவரிடம் எதைச் சோதிக்கச் சொல்வது என்று தெரிந்திருந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அறிகுறி: போர்டு சுடுகிறது, அல்லது கருகும் வாடை வருகிறது

இந்த அறிகுறி இருந்தால் மற்ற எதையும் ஆராய வேண்டாம். உடனே மின்சாரத்தை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு முனையில் திருகு சரியாக இறுகாமல், கம்பியின் நுனி கறுத்திருக்கும். கறுத்த பகுதியை வெட்டி எறிந்து, புதிதாகச் செம்பு தெரியும் வரை சீவி, மீண்டும் இறுக்க வேண்டும். மாட்யூலின் முனையே உருகியிருந்தால் அந்த மாட்யூலைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. இன்னொரு காரணம் சுமை. மேலே 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதில் 2000 வாட் கீசரை இணைக்கிறார்கள். அது 8.7 ஆம்பியர் வரை இழுக்கும். காற்றோட்டமே இல்லாத பெட்டிக்குள், மே மாத வெயிலில் சூடேறிய சுவருக்கு நடுவில், அந்த மின்னோட்டத்தை மணிக்கணக்கில் தாங்கும் அளவுக்கு மாட்யூலுக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் இந்தச் சிறிய ரிலேக்கள் செய்யப்படவில்லை என்பது என் உறுதியான கருத்து. கீசருக்கும் மோட்டாருக்கும் கான்டாக்டர் (பெரிய சுமையைத் தாங்கும் ரிலே) வைத்த தனி ஏற்பாடுதான் சரி.

அறிகுறி: மாட்யூலில் உள்ள சிறு விளக்கு எரியவே இல்லை

மாட்யூலுக்கு மின்சாரம் வந்தால் அதிலுள்ள சிறிய காட்டி விளக்கு சிமிட்டும் அல்லது எரியும். அது இருட்டாக இருக்கும்வரை வைஃபையையோ கைபேசிச் செயலியையோ தொடுவதில் பயன் இல்லை.

முதலில் அந்தப் போர்டுக்கு நியூட்ரல் வந்திருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். சாதாரண சுவிட்சுக்கு நியூட்ரல் தேவையில்லை. ஃபேஸ் வந்து, சுவிட்ச் வழியாக விளக்குக்குப் போகும். விளக்கிலிருந்து நியூட்ரல் வேறு வழியில் மெயின் போர்டுக்குத் திரும்பிவிடும். அதனால் பழைய வீடுகளில் மாடிப்படி, கழிவறை, வாசல் ஆகிய இடங்களில் ஒற்றைச் சுவிட்ச் மட்டும் இருக்கும் சிறு போர்டுகளுக்கு வயர்மேன்கள் நியூட்ரலைக் கொண்டு வந்திருக்க மாட்டார்கள். அங்கே இரண்டு கம்பிகளைப் பார்த்ததும் ஒன்று ஃபேஸ், இன்னொன்று நியூட்ரல் என்று முடிவு கட்டுவதுதான் மிகவும் பரவலான தவறு. அந்த இரண்டாவது கம்பி விளக்குக்குப் போகும் கம்பி. எளிய அடையாளம் ஒன்று உண்டு: போர்டில் ப்ளக் பாயின்ட் இருந்தால் அங்கே நியூட்ரல் நிச்சயம் இருக்கும். மூன்று துளை சாக்கெட்டை முன்பக்கமிருந்து பார்க்கும்போது, எர்த்தின் பெரிய துளை மேலே இருந்தால், வலப்பக்கம் ஃபேஸும் இடப்பக்கம் நியூட்ரலும் இருக்க வேண்டும். மாற்றி இணைத்த வீடுகளும் நிறைய உண்டு என்பதால் அளந்து பார்த்தே நம்ப வேண்டும்.

மாட்யூலின் ஃபேஸ் முனைக்கும் நியூட்ரல் முனைக்கும் இடையில் மல்டிமீட்டரை வைத்தால் நான்கு விதமான விடைகளில் ஒன்று வரும். ஏறக்குறைய 230 வோல்ட் காட்டியும் காட்டி விளக்கு எரியவில்லை என்றால் மாட்யூல் பழுது, மாற்ற வேண்டியதுதான். பூஜ்யம் காட்டினால் எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. கம்பியின் மேலுறையைச் சரியாகச் சீவாமல் உறையின்மேலேயே திருகை இறுக்கியிருப்பது இதற்கு வழக்கமான காரணம். 

மூன்றாவது விடை மனிதரைக் குழப்புவது. 60, 80, 110 என்று ஏதோ ஒரு நடுத்தர எண் காட்டும், மாட்யூல் எரியாது. சிலர் இதை லோ வோல்டேஜ் என்று எண்ணி ஸ்டெபிலைசர் வரை யோசிக்கிறார்கள். உண்மையில் அந்தக் கம்பி எதனுடனும் இணையாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரே குழாய்க்குள் அதை ஒட்டி ஓடும் ஃபேஸ் கம்பியின் தாக்கத்தால் அதில் பொய்யான ஒரு மின்னழுத்தம் தெரிகிறது. டிஜிட்டல் மீட்டர் மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்வதால் இந்தப் பொய்யை அப்படியே காட்டிவிடும். பழைய வயர்மேன்கள் ஹோல்டரில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைப் போட்டு, இரண்டு கம்பி விட்டு, டெஸ்ட் லாம்ப் என்று பையில் வைத்திருப்பார்கள். அதை இணைத்துப் பாருங்கள். பல்பு முழு வெளிச்சத்துடன் எரிந்தால் அது உண்மையான மின்சாரம்; எரியவில்லை என்றால் மீட்டர் காட்டிய எண்ணுக்கு மதிப்பில்லை. எல்.இ.டி. பல்பை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், ஏனெனில் அது பொய் மின்னழுத்தத்திலும் மினுக்கும். இத்தனை கருவிகள் வந்த பிறகும் அந்தக் குண்டு பல்பின் நேர்மைக்கு இணையாக எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை.

நான்காவது விடை 400 வோல்ட் அளவில் வருவது. மும்முனை இணைப்பு உள்ள வீடுகளில்தான் இது நேரும். நம் வயரிங் வழக்கப்படி சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் வெளிநாட்டு வழக்கப்படி தயாரான மாட்யூல்களில் பழுப்பு ஃபேஸாகவும் நீலம் நியூட்ரலாகவும் இருக்கும். நிறம் பார்த்து மாட்யூலின் நீலக் கம்பியை வீட்டின் நீலக் கம்பியோடு முறுக்கினால், இரண்டு ஃபேஸுக்கு இடையில் மாட்யூல் மாட்டிக்கொள்ளும். 240 வோல்ட் வரை மட்டுமே தாங்கக்கூடிய பொருள் வெடித்துத்தான் போகும். நிறத்தை நம்பாமல் மாட்யூலின் மேல் அச்சிட்ட எழுத்தையும் மீட்டரையும் நம்புங்கள்.

நியூட்ரல் இல்லாத போர்டில் பக்கத்திலுள்ள பச்சைக் கம்பியை நியூட்ரலாகப் பயன்படுத்தும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. மாட்யூல் எரியும், விளக்கும் எரியும், வேலை முடிந்ததாகத் தோன்றும். இதைச் செய்யவே கூடாது. எர்த் கம்பி எங்காவது அறுந்தால், அதே எர்த்தில் சேர்ந்திருக்கும் குளிர்பதனப் பெட்டியின் உடலும் துணி துவைக்கும் இயந்திரத்தின் உடலும் அந்த மாட்யூல் வழியாக ஃபேஸின் தொடர்பைப் பெறும். சரியான வழி, பக்கத்துப் போர்டிலிருந்து அதே சர்க்யூட்டின் நியூட்ரலைக் குழாய் வழியே இழுத்து வருவது; அது முடியாத இடத்தில் நியூட்ரல் தேவைப்படாத வகை சுவிட்சை வாங்குவது. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த அறிகுறிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அறிகுறி: அணைத்த பிறகும் விளக்கு மங்கலாக எரிகிறது, அல்லது விட்டு விட்டு மினுக்குகிறது

நியூட்ரல் இல்லாமல் இயங்கும் சுவிட்ச், தான் உயிரோடிருக்கத் தேவையான சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. குண்டு பல்பு இருந்த காலத்தில் அந்தச் சிறு மின்னோட்டம் இழையைச் சூடாக்காது, கண்ணுக்கும் தெரியாது. எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் மின்தேக்கியோ அதைத் துளித்துளியாகச் சேர்த்துவைத்து, போதுமான அளவு சேர்ந்ததும் ஒரு மின்னல் மின்னிவிட்டு அணைகிறது, மறுபடி சேர்க்கிறது. இரவு முழுவதும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும் விளக்கின் கதை இதுதான். இத்தகைய சுவிட்சுடன் சிறிய மின்தேக்கி ஒன்றைப் பையில் போட்டுக் கொடுப்பார்கள். அதை விளக்கின் ஹோல்டரில், விளக்குக்கு இணையாக, இரு முனைகளுக்கும் இடையில் இணைக்க வேண்டும். போர்டுக்குள் அல்ல; பலர் அதைத் தேவையற்ற பொருள் என்று எண்ணித் தூக்கியெறிந்துவிட்டுப் பிறகு தேடுகிறார்கள்.

நியூட்ரலுடன் கூடிய மாட்யூலிலும் மங்கலாக எரிந்தால், மெயின் போர்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படி மாறியிருந்தால் சுவிட்ச் துண்டிப்பது நியூட்ரலை. விளக்கை அணைத்த பிறகும் ஹோல்டரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றக் கைவைப்பவருக்கு ஷாக் அடிக்கும் என்பதால், மினுக்கலைப் பொறுத்துக்கொண்டாலும் இதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது. இது சரியாக இருந்தும் மெல்லிய ஒளி தெரிந்தால், பழைய சுவிட்சில் சிவப்புக் காட்டி விளக்கு இருக்கிறதா, அது இன்னும் விளக்குக் கம்பியோடு தொடர்பில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால், நீண்ட தூரம் ஃபேஸ் கம்பியை ஒட்டி ஓடும் விளக்குக் கம்பியில் ஏற்படும் அதே பொய் மின்னழுத்தம்தான் காரணம். மேலே சொன்ன மின்தேக்கியே அதற்கும் தீர்வு.

அறிகுறி: சுவரிலுள்ள சுவிட்சை அணைத்ததும் செயலியில் மாட்யூல் காணாமல் போகிறது

பழைய சுவிட்சை அப்படியே விட்டு, அதிலிருந்து வெளியேறும் கம்பியை மாட்யூலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். சுவிட்சை அணைத்தால் மாட்யூலுக்கே மின்சாரம் போய்விடுகிறது. பழைய சுவிட்சின் இரு முனைகளிலும் இருக்கும் கம்பிகளைக் கழற்றி, உள்ளே வரும் ஃபேஸை நேராக மாட்யூலுக்கும், வெளியே போகும் கம்பியை மாட்யூலின் விளக்கு முனைக்கும் கொடுத்துவிட்டு, காலியான சுவிட்சிலிருந்து இரண்டு புதிய கம்பிகளை எஸ் 1, எஸ் 2 முனைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில மாட்யூல்களில் எஸ் முனைகள் வெறும் தொடர்பை மட்டும் எதிர்பார்ப்பவை. அவற்றில் ஃபேஸ் பட்டால் உள்ளிருக்கும் சில்லு அந்த நொடியே எரிந்துவிடும். வேறு சிலவற்றில் சுவிட்ச் முனைக்கு ஃபேஸைக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். இரண்டும் ஒரே அளவில், ஒரே மாதிரிப் பெட்டியில் வருகின்றன. கூட வரும் தாளில் உள்ள படத்தைப் பார்க்காமல், முன்பு பொருத்திய அனுபவத்தை வைத்து இணைக்காதீர்கள்.

இப்படி மாற்றிய பிறகு, சுவிட்ச் கீழே இருக்கும்போது ஒரு நாள் விளக்கு எரிகிறது, மறுநாள் மேலே இருக்கும்போது எரிகிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அது கோளாறு அல்ல. மாடிப்படியில் கீழும் மேலுமாக இரண்டு சுவிட்ச் போட்ட விளக்கைப் போல, இப்போது ஒவ்வொரு தட்டலும் நிலையை மாற்றுகிறது என்று அவர்களிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அறிகுறி: டிக் என்று சத்தம் கேட்கிறது, விளக்கு எரியவில்லை

சத்தம் ரிலேயினுடையது. எனவே மாட்யூலுக்கு மின்சாரம் இருக்கிறது, கட்டளையும் வருகிறது. விளக்குக் கம்பியின் திருகையும் பல்பையும் பார்த்த பிறகு, மாட்யூலின் வகையைப் பாருங்கள். சில மாட்யூல்களில் ரிலேயின் முனைகள் உள்ளே எதனுடனும் இணைக்கப்பட்டிருக்காது. ஃபேஸ் முனையிலிருந்து ரிலேயின் பொது முனைக்கு நாமே ஒரு சிறு லூப் கம்பி போட்டால்தான் விளக்குக்கு மின்சாரம் போகும்.

இதற்கு நேர்மாறாக, சத்தம் கேட்டும் விளக்கு அணையவில்லை என்றால், ரிலேயின் தொடுமுனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்ததுபோல் ஒட்டிக்கொண்டன என்று பொருள். எல்.இ.டி. விளக்குகள் எரியும்போது குறைவான மின்சாரத்தை எடுத்தாலும், போடும் அந்தக் கணத்தில் தம் மின்தேக்கியை நிரப்ப அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஃபால்ஸ் சீலிங்கில் பன்னிரண்டு, பதினைந்து விளக்குகளை ஒரே சுவிட்சில் போட்ட வீடுகளில் இது நேர்கிறது. போர்டைத் திருகுப்புளியின் பிடியால் தட்டினால் சில சமயம் விடுபடும். சில நாளில் மீண்டும் ஒட்டும். மாட்யூலை மாற்றி, விளக்குகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பழைய செம்புச் சோக் வைத்த டியூப் லைட்டும் ரிலேயின் முனைகளை அரிக்கும், அதை எல்.இ.டி. டியூபாக மாற்றிவிடுவதே மலிவான தீர்வு.

அறிகுறி: விளக்கைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது

ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டம் முழுவதும் தன் நியூட்ரல் வழியாகவே திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஆர்.சி.சி.பி.யின் வேலை. வீடுகளில் வைக்கும் வகை 30 மில்லி ஆம்பியர் வேறுபாட்டுக்குள் விழுந்துவிட வேண்டும்; அதில் பாதியைத் தாண்டியதுமே விழவும் செய்யலாம். ஒரு 9 வாட் பல்பு எடுப்பதே 39 மில்லி ஆம்பியருக்குக் குறையாது. அதாவது ஒரே ஒரு சிறு பல்பின் மின்னோட்டம் தவறான வழியில் திரும்பினாலும் வீடே இருளும்.

மாட்யூலுக்குரிய ஃபேஸை, அந்தச் சுவிட்சுக்கு வந்துகொண்டிருந்த கம்பியிலிருந்து எடுக்காமல், கைக்கு எளிதாக இருந்த ப்ளக் பாயின்ட்டிலிருந்து எடுத்திருந்தால் இப்படி ஆகும். ப்ளக் ஒரு சர்க்யூட்டிலும் விளக்கு இன்னொரு சர்க்யூட்டிலும் இருக்கும். மின்னோட்டம் ஒன்றின் வழியே போய் மற்றொன்றின் நியூட்ரலில் திரும்பும். ஆகவே பழைய சுவிட்சில் எந்தக் கம்பி ஃபேஸாக வந்ததோ அதையே மாட்யூலுக்குக் கொடுக்க வேண்டும் என்ற ஒரே விதியை விடாமல் பிடித்துக்கொண்டால் இந்தக் கோளாறு வராது.

இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் இந்த விதிக்கு இன்னும் பெரிய காரணம் உண்டு. ஒரே போர்டுக்குள் ஈ.பி. ஃபேஸ் ஒன்றும் இன்வெர்ட்டர் ஃபேஸ் ஒன்றும் வந்திருக்கும். மின்வெட்டின்போது விளக்கு எரியாமல், செயலியில் மட்டும் மாட்யூல் இருப்பதாகக் காட்டினாலோ, மின்சாரம் இருக்கும்போது மட்டும் மாட்யூல் வேலை செய்தாலோ, இந்த இரண்டு ஃபேஸையும் கலந்து பயன்படுத்தியிருக்கிறீர்கள். அவற்றைத் தவறுதலாக ஒரே முனையில் சேர்த்து இறுக்கிவிட்டால் இன்வெர்ட்டரே எரிந்துபோகும்.

விளக்கைப் போடும்போது விழாமல், நினைத்த நேரத்தில் ஆர்.சி.சி.பி. விழுந்தால் நியூட்ரலைப் பாருங்கள். ஒரு மாட்யூல் தனக்காக எடுப்பது சில மில்லி ஆம்பியர்தான். ஆனால் நான்கைந்து மாட்யூல்களுக்கு வேறு சர்க்யூட்டின் நியூட்ரலையோ எர்த்தையோ கொடுத்திருந்தால் அவை கூடிக் கூடி எல்லையை நெருங்கும். மழைநாளில் சுவரின் ஈரக்கசிவும் சேர்ந்துகொள்ளும்போது விழும்.

அறிகுறி: செயலியில் சேர்க்க முயன்றால் மாட்யூல் கிடைப்பதே இல்லை

மின்சாரப் பகுதி சரியாக இருக்கிறது, காட்டி விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறது, ஆனால் செயலி தேடிக்கொண்டே இருக்கிறது என்றால் இப்போதுதான் வைஃபையின் முறை. மலிவு விலை மாட்யூல்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் பேசுபவை. 2014இல் வெளிவந்து இந்தத் துறையையே எளியோருக்குத் திறந்துவிட்ட ஈ.எஸ்.பி. 8266 சில்லும் அப்படிப்பட்டதுதான். இன்றைய ஃபைபர் இணைப்புகளுடன் வரும் ரவுட்டர்கள் 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் காட்டுகின்றன. கைபேசி வேகமான 5இல் ஏறிக்கொள்கிறது. மாட்யூலுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கைபேசியை 2.4இல் இணைத்துக்கொண்டு முயலுங்கள். அந்தப் பக்கத்துக்குள் போக முடியவில்லை என்றால், 5 ஜிகாஹெர்ட்ஸ் எட்டாத தூரத்துக்கு, எடுத்துக்காட்டாக மொட்டைமாடிக்கோ தெருவாசலுக்கோ கைபேசியைக் கொண்டு போனால் அது தானாகவே 2.4க்கு இறங்கும்.

அப்படியும் கிடைக்கவில்லை என்றால் கைபேசியில் இருப்பிட அனுமதியை இயக்குங்கள். ஆண்ட்ராய்டில் அந்த அனுமதி இல்லாமல் சுற்றியுள்ள வைஃபைகளைச் செயலியால் பார்க்க முடியாது. மொபைல் டேட்டாவையும் வி.பி.என்.னையும் அணையுங்கள். மாட்யூல் தானே உருவாக்கும் தற்காலிக வைஃபையில் இணையம் இருக்காது. அதைக் கண்ட கைபேசி நமக்குத் தெரியாமலேயே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், பாதியில் வேலை நின்றுவிடும். ரவுட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்று இருந்தால், பழைய மாட்யூல்களுக்காக அதை 2உம் 3உம் கலந்த நிலைக்கு மாற்ற வேண்டும். வைஃபையின் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் இந்த வேலைக்காக எளிய ஆங்கில எழுத்துகளில் வைத்துக்கொள்வது நல்லது. எனக்கு இதைச் சொல்ல வருத்தம்தான், ஆனால் பல மாட்யூல்களின் மென்பொருள் இன்னும் அந்த அளவிலேயே நிற்கிறது.

அறிகுறி: சேர்ந்துவிட்டது, ஆனால் அடிக்கடி தொடர்பு அறுகிறது

போர்டைத் திறந்து மேசைமேல் கிடத்தியபோது நன்றாக வேலை செய்து, மூடித் திருகியதும் அறுந்தால், சுவருக்குள் பதித்திருப்பது இரும்புப் பெட்டியா என்று பாருங்கள். நம் வீடுகளில் சுவிட்ச் போர்டுகளுக்கு அடியில் துத்தநாகம் பூசிய தகரப் பெட்டியைப் பதிப்பது வழக்கம். ஐந்து பக்கமும் உலோகம் சூழ்ந்தால் அலை வெளியேற முன்பக்கத்துப் பிளாஸ்டிக் தட்டு ஒன்றுதான் வழி. மாட்யூலை, ஆன்டெனா இருக்கும் பக்கம் முன்தட்டை நோக்கி இருக்குமாறு திருப்பி, பெட்டியின் அடியில் அமுக்காமல் முன்னால் கொண்டுவந்து வைத்தாலே பெரும்பாலும் சரியாகும். செயலியில் அலைவலு எண்ணாகத் தெரிந்தால், கழித்தல் 70 டி.பி.எம். வரை கவலையில்லை, கழித்தல் 80ஐத் தாண்டினால் அறுந்துகொண்டேதான் இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு ஒன்றரை அடிக் கனத்தில் கட்டிய பழைய சுவர்கள் இரண்டைத் தாண்ட வேண்டியிருந்தால், ரவுட்டரைக் கூடத்தின் நடுவுக்கு நகர்த்துவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து பலன் தரவில்லை.

மின்வெட்டின்போது மட்டும் அறுந்தால், ரவுட்டரையும் அதனருகே உள்ள ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் ப்ளக்கில் மாற்றுங்கள். இன்வெர்ட்டருக்கு மாறும் கணத்தில் மாட்யூல் அணைந்து மீண்டும் எழுந்தால், இன்வெர்ட்டரின் பின்புறமுள்ள பொத்தானை யு.பி.எஸ். நிலைக்கு மாற்றினால் மாறும் இடைவெளி குறையும்.

அறிகுறி: நள்ளிரவில் மின்சாரம் திரும்பியதும் விளக்குகள் தாமாக எரிகின்றன

இது மாட்யூலின் அமைப்பில் உள்ள ஒரு தேர்வு. மின்சாரம் திரும்பும்போது எரிய வேண்டுமா, அணைந்திருக்க வேண்டுமா, முன்பிருந்த நிலையைத் தொடர வேண்டுமா என்று மூன்று வகை இருக்கும். படுக்கையறைக்கு அணைந்திருக்கும் நிலையை வையுங்கள். கொல்லைப்புற விளக்குக்கு முன்பிருந்த நிலையைத் தொடரச் சொல்லியிருக்கிறேன். தாயார் கிணற்றடியில் நிற்கும்போது மின்சாரம் போய் வந்தால் விளக்கும் கூடவே வந்துவிட வேண்டும்.

அறிகுறி: கையடக்க ரிமோட் பக்கத்தில் போனால் மட்டும் வேலை செய்கிறது

கைபேசி பழகாத முதியவர்களுக்கு, 433 மெகாஹெர்ட்ஸ் ரிமோட்டுடன் வரும் மாட்யூல் உண்மையிலேயே நல்ல தேர்வு. தூரம் குறைந்தால் முதலில் ரிமோட்டின் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு மாட்யூலிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பியைப் பாருங்கள். மிச்சக் கம்பி என்று நினைத்துச் சிலர் அதை வெட்டிவிடுகிறார்கள், அல்லது சுருட்டி உள்ளே திணிக்கிறார்கள். அதுதான் ஆன்டெனா, இந்த அலைவரிசைக்கு அதன் சரியான நீளம் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர். அதை நேராக நீட்டி, மின்கம்பிகளிலிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

அறிகுறி: இணையம் போனால் கைச் சுவிட்சும் வேலை செய்யவில்லை

எல்லா வேலையும் முடித்துப் போர்டை மூடிய பின், ரவுட்டரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சைப் பத்து முறை தட்டிப் பாருங்கள். பத்து முறையும் விளக்கு மாற வேண்டும். ஒருமுறை தவறினாலும் எஸ் 1, எஸ் 2 கம்பிகளின் திருகைத் திறந்து மீண்டும் இறுக்குங்கள். பத்திலும் மாறவில்லை என்றால், செயலியில் கைச் சுவிட்சின் வகை, அழுத்தி விடும் பொத்தான் என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, சாதாரணச் சுவிட்ச் என்று மாற்றுங்கள். அதற்கும் அசையாத மாட்யூலைக் கழற்றிவிட்டுப் பழைய இணைப்பையே திரும்பக் கொடுத்துவிட்டேன். வேறு மாட்யூல் வரும்வரை பத்து நாள்கள் தாயார் பழைய சுவிட்சிலேயே விளக்கைப் போட்டார்.